இறால் பண்ணைக்கு வேலி, ஏரிக்கு யார் காவல்?

மாணவர்களே! இறால் தொக்கு என்றதும் உங்களில் பலருக்கு நாக்கில் நீர் ஊறும். அந்த இறாலுக்காக நம் கடலோர மக்கள் டில்லி உச்ச நீதிமன்றம் வரை போனது தெரியுமா?

முதலில் பழவேற்காடு போவோம். சென்னைக்கு வடக்கே சுமார் 60 கி.மீ. தொலைவில் இருக்கிறது இந்த உப்பு நீர் ஏரி. இந்தியாவில் ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்த பெரிய ஏரி இதுதான். பெரும் பகுதி ஆந்திராவில் இருக்கிறது. தென்கோடி மட்டும் நம்முடையது. அங்கே உள்ள மீனவர் ஊர்களில் ஒன்றுதான் கோட்டைக்குப்பம்.

ஆரணி ஆறு ஏரிக்கு நல்ல தண்ணீர் கொண்டு வருகிறது. முகத்துவாரம் வழியே கடல் நீர் உள்ளே வருகிறது. இரண்டும் கலந்த இந்தத் தண்ணீர்தான் இறால் குஞ்சுகளுக்குத் தொட்டில்! தாய் இறால் கடலில் முட்டையிடும். குஞ்சுகள் ஏரிக்குள் வந்து வளரும். பெரிதானதும் கடலுக்குத் திரும்பும். திரும்புகிற வழியில் மீனவர்களின் வலை காத்திருக்கும்.

யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் அந்த வலையைக் கட்டிவிட முடியாது. கோட்டைக்குப்பத்திலும் பக்கத்து ஊர்களிலும் 'பாடு' என்று ஒரு பழைய ஏற்பாடு உண்டு. இறால் அதிகம் கிடைக்கும் இடங்களை முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். இன்று உங்கள் முறை என்றால் நீங்கள் வலை கட்டலாம். நாளை அடுத்தவர் முறை. ஒருவரே எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போக முடியாது. இதிலும் குறை இல்லாமல் இல்லை. கையால் தடவியே இறால் பிடிக்கும் இருளர் மக்களுக்குப் பாடு முறையில் பங்கு கிடையாது. ஆனாலும், ஏரி பொதுச் சொத்து, அதற்கு ஒரு கட்டுப்பாடு வேண்டும் என்ற எண்ணம் அங்கே எப்போதோ வந்துவிட்டது, பாருங்கள்.

1990-களின் தொடக்கத்தில் நம் கடற்கரையோரம் இறால் பண்ணைகள் வேகமாகப் பெருகின. வெளிநாடுகளில் இறாலுக்கு நல்ல விலை! நிலத்தை வெட்டிக் குளமாக்கினார்கள். அதில் உப்பு நீரை நிரப்பி, குஞ்சுகளை நெருக்கமாக விட்டு, தீவனம் போட்டு வளர்த்தார்கள். மிச்சத் தீவனம், இறாலின் கழிவு, மருந்து எல்லாம் கலந்த தண்ணீரை என்ன செய்வது? ஓடையிலும் கழிமுகத்திலும் திறந்துவிட்டார்கள். குளத்து உப்பு மண்ணுக்குள் இறங்கியதால் பக்கத்துக் கிணறுகள் கரித்தன. நெல் வயல்கள் பாழாயின. பண்ணைக்கு வேலி போட்டதால் மீனவர்கள் கடற்கரைக்குப் போக ஊரைச் சுற்ற வேண்டியதாயிற்று.

நாகப்பட்டினம் பகுதியில் பெண்கள்தான் முதலில் கொதித்தார்கள். பின்னே? குடத்தைத் தூக்கிக்கொண்டு நல்ல தண்ணீரைத் தேடி அலைகிறவர்கள் அவர்கள்தானே! காந்தியவாதிகளான ஜெகந்நாதன், கிருஷ்ணம்மாள் தம்பதி அவர்களோடு சேர்ந்து சத்தியாக்கிரகம் செய்தார்கள். 1994-ல் ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். அப்போது அவருக்கு எண்பது வயதை ஒட்டி இருக்கும்!

நாக்பூரில் உள்ள 'நீரி' ஆய்வு நிறுவனம் கடற்கரையைப் பார்வையிட்டு, பண்ணைகளால் வரும் லாபத்தைவிட நஷ்டமே அதிகம் என்று அறிக்கை கொடுத்தது. 1996 டிசம்பர் 11 அன்று தீர்ப்பு வந்தது. கடல் ஏற்றக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் இந்தப் பண்ணைகள் கூடாது. பழைய முறை இறால் வளர்ப்புக்கு மட்டும் தடை இல்லை. சிலிகா, பழவேற்காடு ஏரிகளைச் சுற்றி 1,000 மீட்டருக்குள்ளும் கூடாது. மாசு செய்தவர்களே நஷ்டஈடு கொடுக்க வேண்டும். பழவேற்காட்டின் பெயரைத் தனியாகக் குறிப்பிட்ட தீர்ப்பு இது!

அதோடு கதை முடிந்ததா? இல்லை. பண்ணைக்காரர்கள் தீர்ப்பை மறு ஆய்வு செய்யக் கேட்டார்கள். தீர்ப்பு சொன்னபடி எல்லாம் நடந்துவிடவில்லை. 2005-ல் நாடாளுமன்றம் புதிய சட்டம் கொண்டுவந்து, கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தை அமைத்தது. பண்ணைகளைப் பதிவு செய்வது கட்டாயமாயிற்று. ஆனால் 500 மீட்டர் என்பது 200 மீட்டராகச் சுருங்கியது. அதற்குள் ஏற்கெனவே இருந்த பண்ணைகளுக்கும் விலக்கு கிடைத்தது. போராடியவர்களுக்கு இது பாதி வெற்றி என்றுதான் சொல்ல வேண்டும். ஜெகந்நாதன், கிருஷ்ணம்மாள் தம்பதிக்கும் அவர்களுடைய 'லாப்டி' அமைப்புக்கும் 2008-ல், 'மாற்று நோபல்' எனப்படும் ஸ்வீடன் நாட்டு விருது கிடைத்தது.

பண்ணைக்காரர்கள் பக்கமும் நியாயம் உண்டு. இறால் ஏற்றுமதியால் நாட்டுக்கு அந்நியச் செலாவணி வருகிறது; கடன் வாங்கிச் சிறு குளம் வெட்டியவர்களும் இருக்கிறார்கள். 1990-களின் நடுவில் வெள்ளைப் புள்ளி நோய் பரவி இறால்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தபோது, இவர்களில் பலர் நொடித்துப் போனார்கள். ஆனால் லாபம் வந்தால் அது பண்ணைக்காரருக்கு. அழுக்குத் தண்ணீர் மட்டும் எல்லோருக்குமா? சண்டையே இதில்தான்.

இது நம் ஊர்ச் சண்டை மட்டும் அல்ல. குளிர் நாடுகளில் கடலிலேயே வலைக்கூண்டு கட்டி சால்மன் மீன் வளர்க்கிறார்கள். அங்கேயும் கழிவு, ஒட்டுண்ணி, நோய் என்று இதே புகார்கள்தான். அர்ஜென்டினாவின் தென்கோடி மாகாணமான டியெர்ரா டெல் ஃபுயேகோ, 2021-ல் சால்மன் பண்ணைகளுக்கு எதிராகத் தடைச் சட்டமே போட்டுவிட்டது.

உங்கள் ஊர்ப் பக்கம் இறால் பண்ணை இருக்கிறதா? அது ஆணையத்தில் பதிவானதா, கழிவு நீர் எங்கே போகிறது என்று விசாரித்துப் பாருங்கள். ஆணையத்தின் தலைமை அலுவலகம் வேறெங்கும் இல்லை, நம் சென்னையில்தான் இருக்கிறது!