கொல்கத்தா வாழ் தமிழ் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்

கொல்கத்தாவில் வாழும் தமிழர்களுக்கு, அவர்களுள் வாசகர்கள் சிலர் கூடி விடுக்கும் வேண்டுகோள் இது. தமிழ் வார, மாத இதழ்கள் பிடிஎஃப் கோப்பாக, அதாவது அச்சுப் பக்கத்தை அப்படியே காட்டும் மின்படியாக, டெலிகிராமில் ஏற்றப்பட்டு, அங்கிருந்து நகரத்துத் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்களுக்கும் வந்துசேர்கின்றன. அவற்றை இனிப் பகிர வேண்டாம், பிறர் பகிர்ந்தாலும் திறக்க வேண்டாம், இயன்றவர்கள் சந்தா செலுத்திப் படிக்க வேண்டும் என்பதே கோரிக்கை.

சென்னை சென்ட்ரலுக்கும் ஹவுராவுக்கும் இடையே ரயில் பாதை ஏறத்தாழ 1,660 கிலோமீட்டர். அச்சிட்ட தமிழ் இதழ் அத்தொலைவைக் கடந்து இங்கே வருவது அரிது, வந்தாலும் தாமதம். அந்த இடைவெளியை நீக்கியது இணையச் சந்தாதான் என்பதால், அது நொடித்தால் முதலில் இழப்புக்கு உள்ளாவோர் தமிழ்நாட்டுக்கு வெளியே வாழும் வாசகர்களே. கோப்பாகப் படிப்பவர் எந்தக் கணக்கிலும் வராதவர். ஆகவே, கொல்கத்தாவில் தமிழ் படிப்போர் இத்தனை பேர் என்பது எந்த இதழுக்கும் தெரியாமலேயே போகிறது. லேக் மார்க்கெட்டில் காபித்தூளுக்கும் அப்பளத்துக்கும், ஊரிலிருந்து வந்த பொருள் என்று மனமுவந்து பணம் கொடுக்கும் குடும்பங்கள், அதே ஊரிலிருந்து வரும் எழுத்துக்கும் கொடுக்க மனமில்லாதவர்கள் என்று இக்குழு கருதவில்லை; பழக்கம் அவ்வாறு அமைந்துவிட்டது, அவ்வளவே.

இத்தகைய கோப்பு ஒன்றைச் சற்று உற்றுப் பார்த்தல் நல்லது. சிலவற்றில், சந்தாதாரரின் அடையாளம் இருந்த பக்க ஓரம் கறுப்புப் பட்டையால் மறைக்கப்பட்டு, அதன்மேல் படியெடுத்தவரின் குழுப்பெயர் பொறிக்கப்பட்டிருக்கும். யாரோ ஒருவர் முறையாகப் பணம் செலுத்தி வாங்கியதே ஆயிரம் கைகளுக்குப் போகிறது என்பதற்கு அந்தப் பட்டையே சான்று. சிறுகதைக்குக் கீழே எழுத்தாளரின் பெயரும் ஓவியத்தின் மூலையில் ஓவியரின் கையொப்பமும் மட்டும் அழியாமல் நிற்கின்றன. அவர்களுக்குச் சேர வேண்டிய ஊதியமோ சேர்வதில்லை.

சட்டமும் இதில் தெளிவாகவே உள்ளது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் தெரிந்தே செய்யப்படும் மீறலைச் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக வைத்திருக்கிறது. இந்தி நாளிதழான தைனிக் ஜாக்ரண் தொடுத்த வழக்கில், அதன் மின்னிதழைப் பரப்பிய டெலிகிராம் அலைவரிசைகளை நீக்குமாறு டெல்லி உயர் நீதிமன்றம் 2020 மே மாதம் ஆணையிட்டது. ஆனால் தண்டனைக்கு அஞ்சிச் செய்ய வேண்டிய காரியமன்று இது. 1959இல் 'எழுத்து' சிற்றிதழைத் தொடங்கிய சி. சு. செல்லப்பா தம் வெளியீடுகளைத் தாமே சுமந்து ஊர் ஊராகச் சென்று வாசகரைத் தேடியவர். கொல்கத்தாவின் கல்லூரித் தெருவை ஒட்டிய டேமர் சந்தில், 1978இல் சந்தீப் தத்தா வங்கச் சிற்றிதழ்களுக்கென்றே தம் வீட்டில் நூலகம் அமைத்து, 2023இல் மறையும்வரை பேணிவந்தார். செல்லப்பாவின் மொழியைப் படித்து, தத்தாவின் நகரில் வாழும் வாசகர்களுக்கு இதழின் அருமையை எடுத்துச்சொல்லத் தேவையில்லை.

முதியோர் பலர், சந்தாவுக்காக அட்டை எண்ணைப் பதிந்தால் பணம் தானாகவே போய்க்கொண்டிருக்குமோ என்று அஞ்சுவது நியாயமே. 2021 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி, தானியங்கிப் பற்றுக்கு, அதாவது குறித்த நாளில் கணக்கிலிருந்து தானே தொகை எடுக்கப்படுவதற்கு, குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்பே அறிவிப்பு வர வேண்டும். அனுமதியை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். பேரப்பிள்ளைகள் ஒருமுறை அருகிலிருந்து செய்து காட்டினால் போதும். பணவசதி இல்லாதவர்களுக்கு, அலிப்பூர் பெல்வெடேரில் உள்ள தேசிய நூலகத்தில் தமிழ்ப் பிரிவு இருக்கிறது. தமிழறிஞர் வையாபுரிப் பிள்ளையின் நூல் தொகுப்பைக் காத்துவருவதும் அந்நூலகமே. பாரதியின் படைப்புகள் போன்று நாட்டுடைமையானவற்றையும், மதுரைத் திட்டம் 1998 முதல் இணையத்தில் இலவசமாக அளித்துவரும் நூல்களையும் தயக்கமின்றிப் பகிரலாம். அவை பகிர்வதற்கென்றே தரப்பட்டவை.

வாட்ஸ்அப் குழுக்களின் நிர்வாகிகள், ஏற்கெனவே சேர்ந்துள்ள இதழ்க் கோப்புகளை இந்த வாரமே நீக்கிவிட்டு, அந்த இடத்தில் அவ்விதழ்களின் சந்தா விவரங்களைப் பதிவிடுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.