அழையா விருந்தாளிகள்

மாலத்தீவுக்குப் போய் வந்த நண்பர் ஒருவர் சென்ற வாரம் என் வீட்டுக்கு வந்தார். கொண்டுவைத்த காபியைக்கூடத் தொடாமல் பொரிந்து தள்ளிவிட்டார்.

"என்ன அநியாயம் ஸார்! ஹனிஃபாரு என்று ஒரு விரிகுடா. பெரிய பெரிய திருக்கைகள் கூட்டம் கூட்டமாக வருமாம். அதற்காகவே லட்ச ரூபாயைக் கொட்டிப் போனேன். அங்கே போனால், முதுகில் சிலிண்டர் கட்டிக்கொண்டு முழுகக் கூடாதாம்! குழாயை வாயில் வைத்துக்கொண்டு மேலே மிதந்து பார்க்க வேண்டுமாம். 45 நிமிஷம் ஆனதும் கரையேறிவிட வேண்டுமாம். கடல் என்ன இவர்கள் பாட்டன் சொத்தா?"

'பாட்டன் சொத்து இல்லைதான். ஆனால் உங்கள் பாட்டன் சொத்தும் இல்லையே!' என்றேன். நண்பருக்குக் கோபம் வந்துவிட்டது. அந்தக் கோபம் அவர் ஒருவருடையது அல்ல. காசு கொடுத்துக் கடலுக்குள் இறங்குகிற எல்லாருக்கும் உள்ள கோபம். ஆகவே என் பதிலைப் பகிரங்கமாகவே சொல்லிவிடுகிறேன்: அந்தத் தடை நியாயமானது. அந்தக் கண்டிப்பு எல்லா இடங்களிலும் இல்லையே என்பதுதான் என் புகார்.

மான்டா என்று உலகம் அழைக்கும் திருக்கையைப் பற்றி முதலில் இரண்டு வார்த்தை. தலையின் இரு பக்கமும் கொம்புபோல் சுருண்ட துடுப்புகள் இருப்பதால் மேல்நாட்டு மாலுமிகள் இதற்குச் 'சாத்தான் மீன்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். வாஸ்தவத்தில் இதைவிடச் சாதுவான பிராணி கடலில் அபூர்வம். வாலில் விஷமுள் கிடையாது. கண்ணுக்குச் சரியாகப் புலப்படாத மிதவை உயிர்களை நீரோடு சேர்த்து அரித்துத் தின்று பிழைக்கிறது. மீன் இனத்திலேயே மிகப் பெரிய மூளை இதற்குத்தான். நின்றால் மூச்சு நின்றுவிடும். ஆகவே பிறந்த நாள் முதல் நீந்திக்கொண்டே இருக்க வேண்டிய ஜன்மம்.

ஹனிஃபாரு இந்தப் பிராணிகளின் அன்னசத்திரம். பா என்ற பவளத்தீவுக் கூட்டத்தில் இருக்கிறது. மே முதல் நவம்பர் வரை, தென்மேற்குப் பருவக் காலத்தில், ஓதம் ஏறும்போது மிதவை உயிர்கள் அந்தச் சின்னக் குடாவுக்குள் வந்து சிக்கிக்கொள்கின்றன. சேதி தெரிந்ததுபோல் திருக்கைகள் வந்து சேரும். சில நாள் நூறுகூட வரும். உணவு மண்டிக் கிடந்தால் ஒன்றன்பின் ஒன்றாக வட்டமிட்டுச் சுழலும். உலகம் முழுவதிலிருந்தும் ஜனங்கள் இந்தக் காட்சியைப் பார்க்க ஓடினார்கள். ஒரு கால்பந்து மைதானம் அளவே உள்ள குடாவில், சாப்பிட வந்தவற்றைவிட வேடிக்கை பார்க்க வந்தவர்கள் அதிகமாகிவிட்டார்கள். மாலத்தீவு அரசாங்கம் 2009இல் அதைக் காப்பிடமாக அறிவித்தது. 2011இல் பா தீவுக் கூட்டம் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பக வரிசையில் சேர்ந்தது. 2012இலிருந்து சிலிண்டருக்குத் தடை.

இதை ஆதரிக்க நான் யார்? குற்றவாளி. அந்தத் தகுதி ஒன்று போதும் என்று நினைக்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன் மாலே அருகில் லங்கன் என்ற பவளத்திட்டில் நான் ஸ்கூபா முழுக்குப் போட்டேன். அங்கே திருக்கைகள் வருவது சாப்பிட அல்ல, குளிக்க என்று சொல்லலாம். ஒரு பாறையின் மேல் அவை வேகத்தைக் குறைத்து மிதக்கும். விரல் நீளச் சிறு மீன்கள் ஓடிவந்து அவற்றின் உடம்பில் ஒட்டியுள்ள பூச்சிகளையும், காயத்தில் அழுகிய சதையையும் கொத்தித் தின்னும். மூன்று மீட்டர் தள்ளி இருங்கள், தாழ்ந்தே இருங்கள், பாறைக்கு மேலே போகாதீர்கள் என்றெல்லாம் படகில் சொல்லித்தான் இறக்கினார்கள்.

பெரிய திருக்கை ஒன்று வந்தது. அதன் வயிற்றுப் புள்ளிகள் நம் கைரேகைபோல் ஒவ்வொன்றுக்கும் வேறு என்று படித்திருந்தேன். அதைப் படம் பிடிக்க ஆசை. எழும்பினேன், இரண்டு உதை உதைத்துப் பாறைக்கு மேலேயே போய்விட்டேன். என் மூச்சுக் குமிழிகள் பொலபொலவென்று ஏறின. திருக்கை ஒரு சிறகைச் சாய்த்தது, திரும்பியது, நீலத்தில் மறைந்தது. சின்ன மீன்கள் பாறைமேல் காத்துக்கொண்டிருந்தன. என் காற்றுத் தீரும்வரை அது திரும்பி வரவில்லை. படத்தில் விழுந்திருந்தது வால் மட்டும்.

படகில் ஏறியதும் எனக்கு யார் என்ன சொன்னார்கள் தெரியுமா? ஒன்றும் சொல்லவில்லை! "படம் வந்ததா?" என்று பக்கத்தில் இருந்தவர் கேட்டார். வழிகாட்டிப் பையன் சிரித்தான். பணம் கொடுத்தவனை யார் கண்டிப்பார்கள்? கண்டிக்க ஆளில்லாத விதி வெறும் உபதேசம். ஹனிஃபாருவில் காவலர் படகு சுற்றுகிறது; அதுதான் வித்தியாசம்.

சாப்பிடுகிறவன் இலையை எட்டிப் பார்க்கக் கூடாது, குளிக்கிற துறைப்பக்கம் செருமாமல் போகக் கூடாது. படிக்காத பாட்டிமார்கள் நமக்குக் கற்றுக்கொடுத்த மரியாதை இது. தண்ணீருக்குள் இறங்கினதும் இது கரைந்துபோக வேண்டுமா?

"நாங்கள் கொடுக்கிற காசுதான் ஸார் அவற்றைக் காப்பாற்றுகிறது!" என்றார் நண்பர். இந்த வாதத்தை நான் அலட்சியம் செய்ய மாட்டேன்; இதில் பாதிக்குமேல் உண்மை இருக்கிறது. இவற்றின் செவுளைக் காயவைத்துச் சீனாவில் மருந்தென்று விற்கிறார்கள். அதற்காக ஆயிரக்கணக்கில் கொன்றார்கள். இரண்டு, மூன்று வருஷம், சில சமயம் அதற்கும் மேல் இடைவெளி விட்டு ஒரே ஒரு குட்டி போடுகிற இனம் இந்தக் கொலையைத் தாங்குமா? 2013இல் சர்வதேச வியாபாரத்துக்குக் கட்டுப்பாடு வந்தது. 2014இல் இந்தோனேசியா தன் கடல் முழுவதும் இவற்றைப் பிடிக்கத் தடை போட்டது. செத்த திருக்கையைவிட உயிருள்ள திருக்கை அதிகம் சம்பாதித்துத் தரும் என்ற கணக்கு இதற்கெல்லாம் துணை நின்றது. ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால், கொலைகாரனிடமிருந்து ஒருவனைக் காப்பாற்றினேன் என்பதற்காக, அவன் சாப்பிடும்போது மடியில் ஏறி உட்கார எனக்கு உரிமை உண்டா? தவிரவும், விரட்டி விரட்டி அவை அந்த இடத்துக்கே வராமல் போனால், நண்பர் சொல்லும் காசு எங்கிருந்து வரும்?

மேலே மிதக்கிறவர்கள் மட்டும் மகான்களா என்று கேட்கலாம். இல்லை. தப்தப்பென்று அடித்துக்கொண்டு துரத்துகிறவர்கள் அங்கும் உண்டு. அதனால்தான் நேரக் கணக்கும், காவலும் வைத்திருக்கிறார்கள். சிலிண்டர் தடை மட்டும் தனியாக எதையும் சாதிக்காது. ஆனால் ஆழமில்லாத குடாவில் குமிழி விட்டுக்கொண்டு, மணலைக் கிளறிக்கொண்டு, நடுவில் போய்க் குடியேறுவதற்குச் சிலிண்டரைப்போல் வசதியானது வேறு இல்லை.

திருக்கை குளிக்கும் பாறைகளில் முழுகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒரு வேளைக்கு இத்தனை பேர்தான் என்று கணக்கு இருக்கட்டும். மீறினவனைக் கரையேற்றக் காவலர் இருக்கட்டும். அன்றைக்கு என்னைக் கரையேற்றியிருந்தால், என் பணத்துக்குக் கிடைத்த நல்ல பாடமாக இருந்திருக்கும்.

நண்பர் அடுத்த வருஷம் மறுபடி போகப்போகிறாராம். போகட்டும். சிலிண்டரைக் கரையில் வைத்துவிட்டு, மேலே மிதந்து, 45 நிமிஷம் பார்த்துவிட்டு வரட்டும். அவர் வந்தபிறகும் அவை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்.