காசு வாங்காம ஆடினா... கூலி யாரு தருவா?

இந்த வருஷம் நம் கல்லூரிப் பட்டிமன்றத்தில் 'விளையாட்டைக் கெடுத்தது பணமே' என்ற அணிதான் ஜெயித்தது. நான் எதிரணி. பாதிப் பேச்சில் மணி அடித்து உட்கார வைத்துவிட்டார்கள். மலர்க் குழு நண்பர்கள் ஒரு பக்கம் கொடுத்திருப்பதால் மீதியை இங்கே கொட்டிவிடுகிறேன்.

அன்றைக்கு ஒரு நண்பர், "அந்தக் காலத்து ரக்பி வீரர்கள் நாட்டுக்காக ஒரு பைசா வாங்காமல் ஆடினார்கள், அதுவல்லவா தியாகம்!" என்று முழங்கினார். கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது. வாங்கவில்லை, உண்மைதான். வாங்கக்கூடாது என்று சட்டம் போட்டது யார்? அதையும் கேட்க வேண்டாமா?

ரக்பி தெரியாதவர்களுக்கு ஒரு வரி. முட்டை மாதிரி இருக்கும் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடி, எதிரணியின் கோட்டைத் தாண்டித் தரையில் வைக்க வேண்டும். பந்தைக் கையால் முன்பக்கம் எறியக் கூடாது.

இதில் கேரத் எட்வர்ட்ஸ் என்று ஒருவர். 1947-ல் பிறந்தவர். ஊர் தெற்கு வேல்ஸில் க்வைன்-கே-குர்வென் (வாயில் நுழையாவிட்டால் விட்டுவிடுங்கள், எனக்கும் நுழையவில்லை). நிலக்கரி ஊர். அப்பா சுரங்கத் தொழிலாளி. பையன் படித்தது பாண்டர்டாவே டெக்னிக்கல் ஸ்கூல், நம்ம ஜாதிதான்! அங்கே பில் சாமுவேல் என்ற பி.டி. மாஸ்டர் கண்ணில் பட்டார். அவர் முயற்சி எடுத்து, மில்ஃபீல்டு என்ற பணக்காரப் பள்ளியில் உதவித்தொகையோடு சேர்த்துவிட்டார். அந்த மாஸ்டர் இல்லையென்றால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

1967-ல் பாரிஸில் வேல்ஸ் அணிக்கு முதல் ஆட்டம், வயது 19. இருபதில் கேப்டன். 1978 வரை 53 ஆட்டங்கள், ஒன்றுகூட விடாமல்! 1973 ஜனவரி 27, கார்டிஃப் மைதானம். பார்பேரியன்ஸ் அணிக்காக நியூசிலாந்தை எதிர்த்து ஆடுகிறார். பில் பென்னட் தன் கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் பந்தை எடுத்து, பாய்ந்து வந்தவர்களை ஒவ்வொருவராக ஏமாற்றி நழுவுகிறார். பந்து கை மாறி கை மாறி மைதானத்தின் அந்தக் கோடிக்கு ஓடுகிறது. ஏழாவது கை எட்வர்ட்ஸுடையது. எங்கிருந்து வந்தார் என்றே தெரியாது, மூலையில் பாய்ந்து விழுகிறார். ரக்பியிலேயே சிறந்த 'ட்ரை' அதுதான் என்று இன்றும் சொல்கிறவர்கள் உண்டு.

டிக்கெட் விற்றவனுக்குக் காசு. பத்திரிகையில் எழுதியவனுக்குக் காசு. விழுந்தவருக்கு வழிச்செலவு!

1978-ல் ஓய்வு பெற்று சுயசரிதை எழுதினார். அதற்கு வந்த பணத்தை வாங்கிக்கொண்டார். உடனே "நீ தொழில்முறை ஆள்" என்று முத்திரை. இனிமேல் ரக்பியில் பயிற்சி கொடுக்கவோ பொறுப்பு வகிக்கவோ கூடாது. மைதானத்தில்கூட இல்லை ஐயா, மேஜையில் உட்கார்ந்து பேனாவால் சம்பாதித்ததற்கு இந்தத் தண்டனை!

இந்தச் சட்டத்தின் வேர் எங்கே என்று பார்த்தால் கோபம்தான் வருகிறது. வட இங்கிலாந்தில் சுரங்கத்திலும் மில்லிலும் வேலை பார்த்தவர்கள் சனிக்கிழமை ஆட வந்தால் அரைநாள் கூலி போய்விடும். "அந்தக் கூலியை மட்டும் கொடுங்கள்" என்று கேட்டார்கள். லாபம் கேட்கவில்லை, நஷ்டத்தைத்தான் கேட்டார்கள். 1893-ல் சங்கம் மறுத்தது. நிர்வாகத்தில் இருந்தவர்கள் பெரிய பள்ளி, பல்கலைக்கழகத்து கனவான்கள். சனிக்கிழமை ஆடினால் அவர்களுக்கு என்ன குறையப்போகிறது? 1895-ல் வடக்கத்தி கிளப்புகள் ஹட்டர்ஸ்ஃபீல்டில் கூடிப் பிரிந்தன. அதுதான் பிற்பாடு ரக்பி லீக் ஆனது. அந்தப் பக்கம் போனவன் இந்தப் பக்கம் திரும்ப முடியாது. எட்வர்ட்ஸின் முதல் ஆட்டத்தில் கேப்டனாக இருந்த டேவிட் வாட்கின்ஸ் அதே 1967-ல் லீக் பக்கம் போனார். யூனியனில் அவர் ஆட்டம் அத்தோடு சரி.

கூலி போவதென்றால் என்ன என்று எனக்குத் தெரியும். எங்கப்பா மூட்டை தூக்குகிறவர். அட்மிஷனுக்கு என்னோடு வந்த அன்றைக்குக் கூலி கிடையாது. மறுநாள் இரண்டு ஷிப்ட் பார்த்தார்.

வேல்ஸில் பூட்ஸுக்குள் ரகசியமாகப் பணம் வைப்பதும் நடந்ததாம். நியாயமான கூலியைத் திருட்டுப் பணம் மாதிரி வாங்க வைத்ததுதான் அந்தப் புனிதம்!

பணம் வந்ததால் கெடுதலே இல்லை என்று நான் சாதிக்கவில்லை. 2003-ல் வேல்ஸில் பெரிய ஆட்டமெல்லாம் ஐந்து வட்டார அணிகளுக்குப் போய், பள்ளத்தாக்கு ஊர்களின் பழைய கிளப்புகள் பின்னுக்குப் போயின. அது வருத்தம்தான். அதற்காகப் பழைய சட்டத்தைத் தியாகம் என்றால் ஒத்துக்கொள்ள முடியாது. வாங்க வழியிருந்து வேண்டாம் என்றால்தானே தியாகம்?

1995 ஆகஸ்டில் சர்வதேச வாரியம் பாரிஸில் கூடி அந்தத் தடையை எடுத்தது. எட்வர்ட்ஸுக்கு அப்போது வயது 48. 2015-ல் 'சர்' பட்டம் கொடுத்தார்கள்.

முழங்கிய நண்பரே, அடுத்த வருஷமும் பட்டிமன்றம் உண்டாம். மணி அடிக்கிறவரிடம் எனக்கு இரண்டு நிமிஷம் கூடுதலாக இப்போதே சொல்லி வைத்துவிட்டேன்.