பண்பாடா, வரிச் சலுகையா?

புதுச்சேரியின் மதுக்கூடங்களைப் பிரெஞ்சுப் பண்பாட்டின் எச்சமெனப் பெருமை பேசுவோர் உளர். பிரெஞ்சு ஆட்சி 1954இலேயே அகன்றது. வார இறுதிதோறும் தமிழக இளைஞரை அங்கே ஈர்ப்பது குறைந்த வரியும் மலிவு விலையுமே. 2020 மே மாதம் கொரோனா வரி விதித்து, மதுவின் விலையைத் தமிழகத்துக்கு நிகராக உயர்த்தினார்கள். வணிகர்கள் அதனை நீக்கக் கோரினர். 2021இல் வரி நீங்கியது. பண்பாடென்றால் விலையேற்றத்துக்கு அஞ்சுவானேன்?

அரசுக்கு வருவாய் வேண்டாமா என்பர். மதுவில் பயனே இல்லையென்று திருமறை கூறவில்லை. பயனினும் கேடே பெரிதென்கிறது (2:219). அரசின் கணக்கேட்டில் பயன் மட்டுமே பதிவாகிறது. கேட்டின் கணக்கைச் சுமப்போர் குடிப்பவனின் மனைவி மக்கள். சுற்றுலாவுக்குப் புறப்படும் பிள்ளைகளிடம் இவ்விரு கணக்கையும் எடுத்துரைப்பது பெற்றோரின் கடமையாகும்.