சதுரங்கப் பந்தயமும் கடிகாரமும்

2022-ஆம் வருஷம் மே மாதம் நடைபெற்ற செஸ்ஸபிள் மாஸ்டர்ஸ் என்னும் இணையவழிச் சதுரங்கப் பந்தயத்தை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அரையிறுதியில் அனீஷ் கிரியை வென்று எழுந்தபொழுது சென்னைச் சிறுவர் பிரக்ஞானந்தாவுக்கு வயது 16. மணி இரவு ஏறக்குறைய இரண்டு. காலை எட்டே முக்காலுக்கு அவர் பள்ளிக்கூடத்தில் ஆஜராக வேண்டும்; பதினோராம் வகுப்புப் பரீட்சைக் காலம் அது. இறுதியில் அவரை வென்ற திங் லிரெனோ சீனத்திலிருந்து ஆடினார். ஐரோப்பாவில் கோடைக்கால மாலை 6 மணியென்றால் நமக்கு இரவு 9-30, சீனத்தில் நடுநிசி. இவ்விருவரும் நன்றாகவே ஆடினார்கள் என்பது அவர்களுக்குப் பெருமையேயன்றி அவ்வேற்பாட்டுக்குச் சமாதானமாகாது.

இப்பொழுது ஜில்லாதோறும் சங்கத்தார் மாணாக்கர்களுக்கு இத்தகைய பந்தயங்களை நடத்தப் புகுந்திருப்பதால், முறையைப் பற்றியும் நேரத்தைப் பற்றியும் நமது அபிப்பிராயத்தைக் கூறுவது அவசியமென்று கருதுகிறோம்.

தோற்றவரை உடனே விலக்கும் நாக்-அவுட் முறை நடத்துவோருக்குச் சௌகரியமானது. 64 சிறுவர் சேர்ந்தால் முதலாட்டத்தோடு 32 பேரை வீட்டுக்கு அனுப்பிவிடலாம். (வீட்டிலேயே இருப்பவரை வீட்டுக்கு அனுப்புவதெங்ஙனம் என்று கேட்பீர்களாயின், அது வேறு விஷயம்.) ஆனால் மின்சாரம் நின்று தோற்றவனுக்கும் யோசனை நின்று தோற்றவனுக்கும் அங்கே ஒரே தீர்ப்புத்தான். ஒவ்வொருவரும் எல்லாரோடும் ஆடுவதே பூரண நியாயம். எனினும் 16 பேருக்கே அது 15 சுற்றும் 120 ஆட்டமும் ஆகும். ஆகவே, 1895-இல் ஜூரிச் நகரில் தொடங்கிய ஸ்விஸ் முறையே தக்கது. ஒத்த புள்ளியுடையவர்கள் ஒருவரோடொருவர் மோதுகிறார்கள், ஒருவரும் விலக்கப்படுவதில்லை. 64 பேருக்கு 6 சுற்று போதும். ஆளுக்குப் பத்து நிமிஷமும் நகர்த்தலுக்கு ஐந்து வினாடியும் கொடுத்தால் அறுபது நகர்த்தலுள்ள ஆட்டம் அரைமணியில் தீரும்.

ஒரு குறையுண்டு. புள்ளிகள் சமமானால் எதிராளிகள் பெற்ற புள்ளிகளைக் கூட்டி ஸ்தானம் நிர்ணயிப்பது வழக்கம். இணையத்திலோ இரண்டு ஆட்டம் தோற்றவர் பித்தானை அமுக்கிவிட்டு மறைந்துவிடுகிறார். அதனால் நஷ்டம், அவரை வென்றவருக்கு! முதலிடத்துக்காவது இந்தக் கணக்கை நம்பாமல் மீண்டும் ஆடச் செய்வதே யுக்தம்.

தொடர்பு அறுந்துபோதல் இன்னும் கடினமான வழக்கு. 2020 ஆகஸ்டு 30-இல் ஆன்லைன் ஒலிம்பியாட் இறுதியில் நிஹால் சரினும் திவ்யா தேஷ்முக்கும் உலகளாவிய இணையக் கோளாறினால் தொடர்பிழந்தார்கள். ருஷ்யா 4½–1½ என்று இரண்டாம் சுற்றை வென்றதாக முதலில் காணப்பட்டது. இந்தியா முறையிட்டது, சம்மேளனத் தலைவர் துவோர்கோவிச் இரு தேசத்துக்கும் தங்கம் அளித்தார். அதற்கு இரண்டு நாள் முன்பு, நம்மோடு ஆடிய ஆர்மீனியா, தன் ஆட்டக்காரர் தொடர்பிழந்து தோற்றதைப் பற்றிச் செய்த முறையீடு தள்ளப்பட்டு, பந்தயத்தினின்றே விலகியது. காரணங்கள் வேறு என்பதை ஒப்புகிறோம். எனினும் இரண்டு தீர்ப்பிலும் ஆதாயம் நமக்கே கிடைத்தபடியால், இதை நாமே சொல்வது கடமையாகிறது: எத்தனை நிமிஷம் காத்திருப்பது, எப்பொழுது ஆட்டத்தைத் திரும்ப நடத்துவது என்னும் விதி, முதற்காய் நகருமுன் எழுத்தில் இருக்க வேண்டும். வழக்கு நடக்கையில் சட்டம் இயற்றுவதை எந்தக் கோர்ட்டும் ஒப்பாது.

நேரத்தைப் பற்றி. பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்களுக்கு நள்ளிரவு 12 முதல் 5 மணி வரை தடை விதித்த தமிழ்நாட்டு விதியைச் சென்னை ஹைகோர்ட்டு 2025 ஜூனில் ஊர்ஜிதம் செய்தது. சதுரங்கம் அவ்வகையில் சேராது. ஆயினும் சிறுவர்களின் உறக்கம் இரண்டிலும் ஒன்றே. நம்மூர்ப் பந்தயங்கள் ஞாயிறு காலையில், பரீட்சை மாதங்களை விலக்கி நடக்கட்டும். முறையும் சுற்றுகளும் கட்டணம் வாங்குமுன்பே வெளியாகட்டும். சர்வதேசப் பந்தயங்களோ ஒருநாள் ஐரோப்பிய மாலை 6 மணிக்குத் தொடங்கினால், மறுநாள் பகல் 2 மணிக்குத் தொடங்கலாம். அப்பொழுது நமக்கு மாலை 5-30, சீனத்தில் இரவு 8, நியூயார்க்கில் காலை 8. அங்குள்ளவர்களுக்குக் காப்பி குடிக்க அவகாசமில்லையென்றால், அச்சிரமத்தை ஒருநாள் விட்டு ஒருநாள் அவர்களும் அனுபவிக்கட்டும்.