மாசிப் பிறையும் காமன் பொட்டலும்

சித்திரை பிறந்தவுடன் நுவரெலியா நகரம் கோலாகலத்தின் உச்சத்தை அடைந்துவிடுகிறது. மலர்க் கண்காட்சியும் குதிரைப் பந்தயமும் மலைப்பாதையில் நடக்கும் மோட்டார்ப் பந்தயமும் காண்பதற்காகக் கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் குடும்பம் குடும்பமாக ஜனங்கள் வந்து குவிய, 1873-ஆம் ஆண்டில் ஆளுநர் வில்லியம் கிறகரி அமைப்பித்த வாவியின் கரையில் காலாற நடக்கவும் இடமின்றிப் போய், விடுதிகளில் ஓர் அறை கிடைப்பதே பெரும் பாக்கியமாகிவிடுகிறது. சமவெளியின் வெயிலைத் தாங்கமாட்டாத வெள்ளைக்காரத் துரைமார் தங்கள் சுகவாசத்துக்கென்று ஏற்படுத்திக்கொண்ட இந்த வசந்தகால உற்சவம் காலப்போக்கில் இந்நாட்டு மக்கள் யாவருக்கும் பொதுவானதாகிவிட்டதில் எனக்குச் சந்தோஷமே. ஆயினும், இந்தக் கூட்டம் வந்து சேர்வதற்கு ஏறக்குறைய ஒரு மாதத்துக்கு முன்னர், இதே மலைகளின் மடிப்புகளில், தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களுக்கு நடுவேயுள்ள சிறு திடல்களில், பனியையும் குளிரையும் பொருட்படுத்தாமல் தேயிலைத் தோட்டத்து ஜனங்கள் இரவிரவாக நடத்தி முடித்த வேறோர் உற்சவத்தை, வந்தவர்களில் மிகச் சிலரே கேள்விப்பட்டிருக்கிறார்கள் என்பதை நினைக்கும்போது மனம் வருந்துகிறது.

நான் சொல்வது காமன் கூத்தை. நகரத்துத் தமிழர்களும் அயல்நாட்டு விருந்தினரும், அவர்களுக்கெல்லாம் முன்னதாக இந்த லயங்களிலிருந்து படித்து முன்னேறி அட்டனிலும் கண்டியிலும் கொழும்பிலும் வீடு கட்டிக்கொண்ட நம்மவர்களும், ஒரு மாசி மாதத்திலேனும் தோட்டத்துக்குச் சென்று அந்தக் கூத்தை அது நடக்கும் இடத்திலேயே, நடக்கும் நேரத்திலேயே, ஆரம்பம் முதல் கடைசி வரையில் இருந்து பார்க்க வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

மாசி அமாவாசை கழிந்து வளர்பிறை தென்படும் நாட்களில் தோட்டத்துப் பெரியவர்கள் கூடிக் காமன் பொட்டலைச் சுத்தம் செய்து, பூஜை போட்டு, கம்பம் ஊன்றுகிறார்கள். அன்றிலிருந்து பௌர்ணமியை ஒட்டிய நாள் வரையில், பகலெல்லாம் கொழுந்து பறித்தும் கவ்வாத்து வெட்டியும் களைத்த மனிதர்கள், இரவில் அந்தக் கம்பத்தைச் சுற்றி நின்று தப்பு என்னும் பறை முழங்கப் பாடுகிறார்கள். சிவபெருமானுடைய தவத்தைக் கலைத்துவரும்படி தேவர்கள் ஏவ, ரதி எவ்வளவோ மன்றாடித் தடுத்தும் கேளாமல் புறப்பட்ட மன்மதன், நெற்றிக்கண்ணின் நெருப்பில் சாம்பலான கதைதான் கூத்தின் உயிர்நிலை. வேஷம் கட்டுகிறவர்கள் விரதம் காக்கிறார்கள். ரதியாக ஆடுகிறவரும் ஆண்மகனே. ஆனால், தன் நாயகனை வழிமறித்து அவர் பாடத் தொடங்கிவிட்டால் அந்த நினைவு பார்க்கிறவர்களிடமிருந்து அகன்றுவிடுகிறது. கடைசி இரவிலோ தோட்டம் முழுவதுமே அரங்கமாகிறது. ரதியும் மன்மதனும் லயம் லயமாக ஊர்வலம் வர, வாசல்தோறும் பெண்கள் ஆரத்தி எடுத்து வணங்க, தூதனும் எமனும் வீரபத்திரனும் குறவன் குறத்தியும் அவரவர் தாளத்துக்கேற்ற நடையோடு பொட்டலில் வந்து இறங்க, விடியலை நெருங்கும் வேளையில் காமதகனம் நடக்கிறது. அதற்குப் பின்னர் எழும் ரதியின் ஒப்பாரியில், சென்ற ஆண்டு கணவனை இழந்தவளும், மகனைப் பறிகொடுத்தவளும், தங்கள் துக்கத்தையும் சேர்த்து அழுது தீர்ப்பதைப் பார்த்திருக்கிறேன். மேடை நாடகத்தில் இந்த அனுபவத்துக்கு இடமில்லை. ஏனெனில், அங்கே அழுகிறவர் ஒருவர், பார்க்கிறவர் வேறொருவர்.

இந்தப் புராணக் கதையைத் தோட்டத்து மக்கள் தலைமுறை தலைமுறையாக இத்தனை ஆவேசத்தோடு பற்றிக்கொண்டிருப்பதற்குக் காரணம் என்னவென்று நான் நெடுநாள் யோசித்ததுண்டு. மன்மதன் தன் காரியமாகச் சிவனிடம் போகவில்லை. தேவர்களுடைய காரியத்துக்காக அனுப்பப்பட்டான். அவன் எரிந்தபோது அனுப்பினவர்களில் ஒருவரும் அவன் பக்கத்தில் நிற்கவில்லை. திருச்சிராப்பள்ளியிலிருந்தும் சேலத்திலிருந்தும் மதுரையிலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் பஞ்சத்துக்கும் கடனுக்கும் அஞ்சிக் கடல் கடந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரையில் காட்டு வழியே நடந்து, வழியிலேயே ஆயிரக்கணக்கில் மாண்டு, எஞ்சியவர்கள் முதலில் கோப்பிக்காகவும் பிறகு தேயிலைக்காகவும் மலையை வெட்டித் திருத்திய சரித்திரத்தை உடையவர்களுக்கு, பிறர் காரியத்துக்காகப் போய்ச் சாம்பலானவனுடைய கதை அந்நியமாக இருந்திருக்க முடியுமா? கதையின் முடிவும் கவனிக்கத்தக்கது. ரதியின் கண்ணீருக்கு இரங்கிய ஈசன் மன்மதனுக்கு உயிர் கொடுக்கிறான். ஆனால், அவன் உருவம் ரதியின் கண்ணுக்கு மாத்திரமே புலப்படும், உலகத்தின் கண்ணுக்குப் புலப்படாது. 1948-ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்டு, 2003-ஆம் ஆண்டில் மற்றொரு சட்டம் வரும் வரையில் அந்த நிலை முற்றும் நீங்காமல் இருந்த ஒரு சமூகம், ஒருவர் கண்ணுக்கு ஒருவர் மட்டுமே தென்பட்டு இவ்வுலகில் வாழ்ந்திருக்கிறது. நாம் போய்ப் பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு முதற்காரணம் இதுவே.

தப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இருட்டு விலகுமுன், வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்துக்கு ஆட்களை எழுப்பிக் கூட்டியதும் அந்தக் காலத்தில் தப்பொலிதான். சாவு வீட்டிலும் அதுவே. சாமி இறங்குவதும் அதற்கே. வேலைக்கு ஓர் அடி, சாவுக்கு ஓர் அடி, காமனுக்கு ஓர் அடி என்று பழகிய காதுகள் தூரத்திலிருந்தே பகுத்தறிந்துவிடும். இந்த வாத்தியத்தைச் சாதியின் அடையாளமாகக் கருதி, அடிப்பவர்களைத் தாழ்த்தி, கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்திவைத்த பாவம் நம்மிடம் உண்டு. அந்த அவமானத்தைச் சகிக்க மாட்டாமல் தப்புக்காரருடைய பிள்ளைகள் பலர் அதைக் கையால் தொடவும் மறுத்தார்களென்றால், அவர்கள்மீது குற்றம் சொல்ல நமக்கு யோக்கியதை இல்லை. கலையைக் காப்பாற்றுவதென்பது முதலில் கலைஞனுக்குச் செய்த அநியாயத்தை நிறுத்துவதுதான். தப்பு அடிக்கிறவருக்கு நாற்காலி கொடுத்து, கைநிறையச் சன்மானம் கொடுத்து, கூத்து வாத்தியாருக்குச் சமமாக மாலை போட்டு மரியாதை செய்யாத தோட்டத்தில் காமன் கம்பம் ஊன்றுவதில் எனக்குச் சம்மதம் இல்லை.

இம்மக்களில் பலரை இந்தியாவுக்கு அனுப்பிய 1964-ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் குடும்பங்களைப் பிரித்ததைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். அது கூத்துக் குழுக்களையும் பிரித்தது. வழியனுப்ப வந்தவர்களுடைய அழுகுரலால் ஒப்பாரிக் கோச்சி என்றே பெயர் பெற்றுவிட்ட அந்த ரயிலில், பாட்டு முழுவதையும் மனப்பாடமாக வைத்திருந்த வாத்தியார் ஒருவர் ஏறிப் போனால், அவரோடு அந்தத் தோட்டத்துப் பாட்டும் ஏறிப் போயிற்று. ஏட்டில் எழுதிவைக்கும் பழக்கம் எல்லா இடங்களிலும் இருக்கவில்லை. தலவாக்கலைப் பகுதியின் மடக்கும்புரைத் தோட்டத்தில் பிறந்து, 1947-இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்ற ஸி. வி. வேலுப்பிள்ளை, அரசியல் அலுவல்களுக்கு இடையிலும் இம்மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்தார். மாத்தளை வடிவேலன் மலையகத்துப் பாரம்பரியக் கலைகளைப் பற்றி எழுதினார். இப்படிப்பட்ட சிலருடைய சிரத்தையால் தப்பியது கொஞ்சம்.

நம் பல்கலைக்கழகங்களைப் பற்றியும் மனத்தாங்கலோடு ஒரு வார்த்தை. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் இருந்துகொண்டு 1962-இல் ‘கர்ணன் போர்’, 1964-இல் ‘இராவணேசன்’ என்று மட்டக்களப்புக் கூத்தைப் புதுப் பொலிவோடு மேடையேற்றி, படித்த தமிழருக்கு அதன்மீது மதிப்பு உண்டாக்கிய தொண்டு எந்நாளும் போற்றத்தக்கது. ஆனால், பேராதனையைச் சுற்றிய மலைகளிலேயே மாசிதோறும் நடந்துகொண்டிருந்த கூத்துக்கு அத்தகையதொரு பெருமுயற்சி அந்நாளில் வாய்க்கவில்லை. அந்தக் குறையை இன்னும் நாம் முழுமையாகத் தீர்க்கவில்லை.

“தோட்டத்துக்குப் போவதற்கென்ன அவசியம், நல்ல மண்டபத்தில் வைத்தால் நாங்கள் பார்க்கமாட்டோமா?” என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கலை விழாக்களிலும் விடுதிகளின் புல்வெளிகளிலும் அரைமணி நேரத்துக்குச் சுருக்கி, பளபளப்பான உடை உடுத்து, ஒலிபெருக்கியில் பதிவுப் பாட்டைப் போட்டு ஆடிக்காட்டுகிற காமன் கூத்தை நானும் பார்த்திருக்கிறேன். ஆடியவர்கள் திறமைசாலிகள்; அவர்களை நான் குறைத்துப் பேசமாட்டேன். எனினும், பல இரவுகளாக மெல்ல மெல்ல மூண்டு எழவேண்டிய துக்கத்தை அரைமணியில் எழுப்பிக் காட்ட எந்தக் கலைஞனாலும் ஆகாது. கம்பத்தைப் பிடுங்கிக்கொண்டு போய் வேறிடத்தில் நட முடியாது. மேலும், கண்டிப் பெரஹராவைப் போலக் காசு கொடுத்து நாற்காலியில் அமர்ந்து பார்க்கும் காட்சியாக இது ஆகிவிடுவதும் எனக்குச் சம்மதமன்று. அது அரச பரம்பரையில் வந்த பெருவிழா, அதன் முறை வேறு. இது ஒரு தோட்டத்தார் தங்கள் சம்பளத்தில் சந்தா பிடித்து, தங்கள் பிள்ளைகளையே தெய்வங்களாக அலங்கரித்து, தங்களுக்காக நடத்திக்கொள்வது. நாம் அங்கே விருந்தாளிகள்.

விருந்தாளிக்குரிய முறைகளை அனுஷ்டிப்பது கடினமன்று. சீதா எலியாவுக்கும் றம்பொடை அனுமார் கோயிலுக்கும் இராமாயணத் தலங்களைத் தேடி இந்தியாவிலிருந்து வரும் யாத்திரிகர்களின் பஸ்கள், தேயிலை மலையின் பக்கம் ஒரு நிமிஷம் நின்று, கொழுந்து பறிக்கும் பெண்களைக் கேட்காமலே படம் பிடித்துக்கொண்டு போய்விடுகின்றன. அப்படிப் போகலாகாது. முன்கூட்டியே தோட்டக் கோயில் கமிட்டியாரிடம் சொல்லி, ஏதேனும் ஒரு வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்கு இடம் கேட்டு, பூஜைக்குத் தட்டில் காணிக்கை வைத்து, படம் எடுக்க அனுமதி பெற்று, குளிருக்குக் கம்பளி போர்த்து ஜனங்களோடு தரையிலே உட்கார வேண்டும். நுவரெலியாப் பக்கத்தில் மாசிக் குளிர் எலும்பைத் துளைக்கும். அந்நேரத்தில் யாரோ ஒரு அம்மா கொண்டுவந்து நீட்டுகிற இஞ்சித் தேத்தண்ணீரை மறுக்கக் கூடாது. குடித்துவிட்டுக் கூத்துக் களத்தில் கலகம் செய்கிறவர்கள் நம்மிடையே இருப்பதையும் நான் மறைக்கவில்லை. வெளியிலிருந்து மரியாதையுள்ள குடும்பங்கள் வந்து உட்காரத் தொடங்கினால் அந்தக் கலகமும் தானாகவே அடங்கிவிடும் என்பது என் நம்பிக்கை.

ஜனங்கள் மட்டும் மனம் வைத்தால் போதாது. 1992 முதல் தோட்டங்களை நிர்வகித்துவரும் கம்பெனிகள், காமதகனத்து மறுநாள் காலையில் பெரட்டு நேரத்தைத் தள்ளிவைக்கவோ, அன்றைய வேலையை வேறொரு நாளில் ஈடு செய்துகொள்ளவோ தொழிலாளரோடு பேசி ஏற்பாடு செய்யலாம். இரவெல்லாம் ரதியாக ஆடியவர் விடிந்ததும் கவ்வாத்துக் கத்தியோடு மலையேறவேண்டியிருப்பது கொடுமை. பொட்டலாக விளங்கும் திடலை வேறு கட்டடத்துக்குக் கொடுத்துவிடாமல் காப்பதும் அவர்கள் பொறுப்பு. 1987-ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்திலிருந்த 33-ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைகள் பணம் செலவிட நெடுங்காலம் முட்டுக்கட்டையாக இருந்தது. 2018-இல் அது திருத்தப்பட்டுவிட்டபடியால், அந்தச் சாக்கு இனிச் செல்லாது. நோர்வூட், மஸ்கெலியா, அக்கரப்பத்தனை, கொட்டகலை என்று புதிதாகவும் சபைகள் ஏற்பட்டிருக்கின்றன. பொட்டலுக்குப் போகும் பாதையில் விளக்கு, தண்ணீர், பெண்களுக்கு மலசலகூடம், அட்டனிலிருந்து இரவில் ஒரு பஸ்: இவற்றைத்தான் கேட்கிறோம். சிவனொளிபாதமலைப் பருவத்தில் டிசம்பர் முதல் மே வரையில் அட்டனிலிருந்து நல்லதண்ணி வரையில் நள்ளிரவிலும் பஸ் ஓட்டக்கூடிய நிர்வாகத்துக்கு, அந்தப் பருவத்துக்குள்ளேயே வரும் மாசியில் பொகவந்தலாவைப் பக்கமும் ஒரு பஸ்ஸைத் திருப்பிவிடுவது அசாத்தியமான காரியமன்று.

காமனைப் பற்றியே பேசியதால் மற்றவை இல்லையென்று எண்ணவேண்டாம். பொன்னர் சங்கர் கூத்தின் படுகளம், தபசு மரத்தின் உச்சியில் நின்று அருச்சுனன் பூவும் விபூதியும் இறைக்கும் அருச்சுனன் தபசு, மாத்தளை முத்துமாரியம்மனின் மாசிமகத்துப் பஞ்சரதங்கள், தொழிற்சாலைச் சக்கரத்தைக் காக்கும் ரோதைமுனிக்குத் தோட்டத்தார் இடும் படையல் என்று ஒவ்வொன்றும் தனிக் கட்டுரைக்கு உரியது. கோபுரம் எழுப்பிக் கும்பாபிஷேகம் செய்யும் உற்சாகத்தில் ரோதைமுனியையும் கவ்வாத்துச் சாமியையும் அடிவாரத்திலேயே மறந்துவிடுகிற போக்கு மட்டும் எனக்கு அச்சத்தைத் தருகிறது.

போக நினைக்கிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். காமதகனத்தோடு எல்லாம் முடிந்துவிட்டதென்று எண்ணி, நெருப்பைப் படம் எடுத்துக்கொண்டு விடியுமுன்பே கிளம்பிவிடாதீர்கள். நடுத்தர வயதுள்ளவர்களே, உங்கள் பெற்றோரையும் அழைத்துக்கொண்டு போங்கள். அவர்களில் பலர் ஏதாவது ஒரு தோட்டத்தின் பெயரை இன்னும் மனத்தில் வைத்திருப்பார்கள், அந்தத் தோட்டத்துக்கே போங்கள். மன்மதனை மீண்டும் உயிர்ப்பிக்கும் சடங்கு எப்போதென்று அங்கே விசாரித்து, அதுவரையில் தங்கியிருந்து, அதற்குரிய பாட்டைப் பாடுகிறவர் யார், அவரிடம் கற்றுக்கொள்கிற பையன் எவனேனும் இருக்கிறானா என்று கேட்டறியுங்கள். இல்லையென்று பதில் வந்தால், அடுத்த மாசிக்குள் அந்தத் தோட்டத்துப் பாடசாலை ஆசிரியர் ஒருவரைக் கண்டு, அந்த வாத்தியாரிடம் மாணவர் நாலைந்து பேரை அனுப்பிவைக்க ஏற்பாடு செய்யுங்கள். பாட்டை முழுவதுமாக ஒலிப்பதிவு செய்து ஒரு பிரதியை அந்தத் தோட்டத்திலேயே விட்டுவாருங்கள்.