பெயின்ட் அப்புறம், சக்கரம் முதல்ல

சிமுலேட்டருக்குப் புது விமானம் ஒன்று வந்தா எல்லாரும் பாராட்டுவது பெயின்டைத்தான். ஜன்னல் மினுங்குது, லோகோ அச்சு அசலா இருக்குன்னு. என்னைக் கேட்டா, முதல்ல பார்க்க வேண்டியது சக்கரத்தை.

ஏன்னா திரையில் தெரியிற விமானம் வேற, பறக்கிற விமானம் வேற. இலவசமாகக் கிடைக்கிற ஃப்ளைட்கியரையே எடுங்க. நாம பார்ப்பது ஒரு முப்பரிமாண உருவம். பறப்பது ஜேஎஸ்பிசிம் மாதிரி ஒரு மென்பொருள் போடுற கணக்கு: எடை, இறக்கை, எஞ்சின், ஈர்ப்பு மையம். உருவம் எப்படி இருக்குன்னு அந்தக் கணக்குக்குத் தெரியாது. உருவத்தின் அளவு மீற்றரில், கணக்கின் அளவு பெரும்பாலும் அங்குலத்தில். இரண்டும் அளக்கத் தொடங்குற புள்ளியும் வேற.

அந்தப் புள்ளிகளைச் சரியாகப் பொருத்தாவிட்டால் சக்கரம் ஓடுபாதையில் புதையும், இல்லாட்டி அந்தரத்தில் மிதக்கும். நிஜ விமானம் வானத்தில் தன் ஈர்ப்பு மையத்தைச் சுற்றித்தான் சாயும், நிமிரும். பொருந்தாத மாடலோ மூக்கைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட மாதிரி ஆடும்.

இதுக்குச் சிலர் ஒரு குறுக்குவழி வச்சிருக்காங்க. சக்கரம் புதையுதுன்னா கணக்கில் இருக்கிற சக்கரத்தை நீட்டிவிடுவாங்க. படம் சரியாகிடும், பறப்பு கெட்டுடும். கணக்கு நிஜ விமானத்தின் அளவுப்படி இருந்தா, நகர்த்த வேண்டியது படத்தைத்தான்.

"விளையாட்டுத்தானே, இதுக்கு இவ்வளவா?" என்று கேட்கலாம். நம்ம மலைநாட்டில் நடந்த ஒன்றைச் சொல்றேன். 1974 டிசம்பர் 4 இரவு, சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களோடு கொழும்புக்கு வந்த மார்ட்டின்எயார் டிசி-8 விமானம், நோர்ட்டன் பிரிட்ஜுக்குப் பக்கத்தில் ஏழு கன்னியர் மலையில் மோதியது. 191 பேரும் இறந்துபோனார்கள். விமான நிலையம் கிட்ட வந்துவிட்டது என்று நினைத்து விமானிகள் உயரத்தைக் குறைத்திருந்தார்கள். அவர்கள் மனதில் இருந்த இடம் ஒன்று, விமானம் இருந்த இடம் வேறொன்று. அது சிமுலேட்டர் பிழை இல்லை. ஆனால் தெரிகிறதும் இருக்கிறதும் விலகினால் என்ன ஆகும் என்பதற்கு அந்த மலையே சாட்சி.

பறக்கப் பழகுறவங்க கண்ணை நம்பித்தான் தரையின் தூரத்தைக் கணிக்கிறாங்க. அந்தக் கண்ணுக்குத் தப்பான பாடம் சொல்லிக்கொடுக்கக் கூடாது. அடுத்த முறை விமானத்தை ஓடுபாதையில் நிறுத்தி, பக்கவாட்டிலிருந்து சக்கரத்தைப் பாருங்க. பாராட்டு அதுக்கப்புறம்.